இங்கிலாந்திற் பாலர் பராமரிப்பும் அரசாங்கப் பொருளுதவியும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வளைத்தற்குரிய பருவம் எது என்பதில் அதனைச் சொல்லிவைத்தார்க்கு ஐயமிருந்ததில்லை. அப்பருவத்துப் பிள்ளையைப் பேணும் செலவை எவர் இறுத்தல் வேண்டும் என்னும் வினா பிற்காலத்தது. தாயும் தந்தையும் வீட்டைவிட்டு வெளியே சென்று கூலிக்கு உழைக்கவேண்டிய கைத்தொழில் யுகத்திலேயே அது எழுந்தது. அந்த யுகத்திற்குத் தாயகமாயிருந்த பிரித்தானியாவில் அதற்கு விடைகாணும் முயற்சிகள் இரு நூற்றாண்டுகளாக நடைபெற்று வந்துள்ளன.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கல்வியளித்தல் அரசின் கடன் என்பதை இங்கிலாந்து 1870 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1880 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒப்புக்கொண்டது. அதன் பின்னர் எத்துணைப் பொருள்முடை நேர்ந்தபோதும், ஆரம்ப பாடசாலைகளை மூடிவிடலாம் என்று எந்த அரசாங்கமும் துணிந்ததில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் வரலாறு அவ்வாறன்று. அப்பிள்ளைக்காகத் திறைசேரியின் கதவு பலமுறை திறந்தது, பலமுறை மூடிற்று. அது எக்காரணத்தால் திறந்தது, எக்காரணத்தால் மூடிற்று என ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். பணம் எந்நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ, அந்நோக்கத்தின் ஆயுளே பாலர் நிலையங்களின் ஆயுளாக அமைந்தது. அந்நோக்கத்திற்குப் போதுமான அளவே அவற்றின் தரமும் அமைந்தது.

ஆலை முதலாளியின் பாடசாலை

பிரித்தானியாவின் முதற் பாலர் பாடசாலை அரசாங்கப் பணத்தால் எழுந்ததன்று. ஸ்கொத்லாந்தில் கிளைட் நதிக்கரையிலுள்ள நியூ லனாக் என்னுமிடத்திற் பருத்தி நூற்பாலை நடத்திய றொபேட் ஓவன், 1816 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், ஒழுக்கத்தை உருவாக்கும் நிலையம் என்ற பெயரில் ஒரு கல்விக்கூடத்தைத் திறந்துவைத்தார். ஆலைத் தொழிலாளரின் சிறு குழந்தைகள் நடக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களைப் புத்தகங்களாற் துன்புறுத்தலாகாது, அடித்தலாகாது, கடுஞ்சொற் கூறலாகாது என்பன அவர் விதித்த விதிகள். ஆடலும் பாடலும், படங்களைக் காட்டி உரையாடலும், திறந்தவெளி விளையாட்டுமே பாடங்களாயின. முதல் ஆசிரியராக அமர்ந்த ஜேம்ஸ் புக்கானன் ஒரு நெசவாளர். குழந்தைகளிடத்து அவருக்கிருந்த பொறுமையைக் கண்டே ஓவன் அவரைத் தெரிந்தெடுத்தார்.

ஓவனின் நிலையத்துக்குச் செலவு ஆலையின் இலாபத்திலிருந்து வந்தது. பங்காளிகளோடு அவர் பிணங்கியபோது நிலையத்தின் போக்கும் மாறிற்று. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தில் நிற்கும் நிறுவனம் அம்மனிதர் நீங்கியபின் நிலைப்பதரிது என்பதற்கு நியூ லனாக் முதற் சான்றாயிற்று. ஆயினும் அதன் புகழ் தெற்கே பரவியது. புக்கானன் இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். சாமுவேல் வில்டஸ்பின் என்பார் 1820 இல் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பாடசாலையை நடத்தத் தொடங்கி, பின்பு நாடெங்கும் சென்று அத்தகைய பாடசாலைகளை நிறுவத் தூண்டினார். அவருடைய முறையிற் படிக்கட்டுப்போன்ற இருக்கைவரிசைகள் புகுந்தன. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் அமர்ந்து ஒரே குரலில் ஒப்புவித்தனர். சிறு செலவிற் பெருந்தொகையினரைச் சேர்த்துவைக்கும் வழி இதுவென்பதால் அது விரைவிற் பரவிற்று. ஓவனின் விளையாட்டிடம் மெல்ல மெல்ல ஒப்புவித்தற் கூடமாயிற்று.

தலைக்கணக்கு நன்கொடை

பிரித்தானிய அரசாங்கம் 1833 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பாடசாலைக் கட்டடங்களுக்கு 20,000 பவுண் ஒதுக்கியது. அத்தொகை ஆண்டுதோறும் வளர்ந்தது. செலவு மிகுதலைக் கண்ட அரசாங்கம் 1862 இல் திருத்தப்பட்ட விதிக்கோவையைக் கொண்டுவந்தது. பெறுபேற்றுக்குப் பணம் என்பது அதன் தத்துவம். ஆறு வயதுக்கு மேற்பட்ட மாணாக்கன் வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் பரிசோதகர் முன் தேறினாலன்றி முழு நன்கொடை கிடைக்காது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பரீட்சை இல்லை. பாடசாலைக்கு வந்திருந்தாற் போதும், தலைக்கு 6 சிலிங் 6 பென்ஸ் கிடைக்கும்.

இவ்விதி குழந்தைக்குச் சலுகை காட்டுவதுபோலத் தோன்றினும் விளைவு வேறாயிற்று. குழந்தைகள் மிகுந்தால் நன்கொடை மிகும். ஆகவே நிருவாகிகள் அவர்களைத் திரளாகச் சேர்த்தனர். அவர்கள் ஆறு வயதை எய்தியவுடன் பரீட்சைக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்; ஆகவே மூன்று வயதிலேயே எழுத்துக்கூட்டலும் எண்சுவடியும் புகட்டப்பட்டன. கற்பிப்போர் பலர் பயிற்சியில்லாத இளம்பெண்கள். 1900 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 43 பேர் ஆரம்ப பாடசாலைகளில் இருந்தனர். எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு அது ஒரு பெருஞ் சாதனை. அக்கூடங்களின் உள்ளே நோக்கியவர்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை.

உள்ளே நோக்கியவர்கள் கல்விச் சபையின் பெண் பரிசோதகர் ஐவர். 1905 இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அப்பாடசாலைகளால் அறிவுநலம் எதனையும் பெறவில்லை என்றும், அசையாது அமர்த்திவைக்கும் கட்டுப்பாடு அவர்களுக்குக் கேடு விளைக்கின்றது என்றும் கூறியது. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறுவகையான நிலையங்கள், விளையாட்டும் உறக்கமும் தாய்போன்ற பராமரிப்பும் அமைந்த நிலையங்கள், தேவையென்றும் எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு விதிக்கோவை, ஐந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்க்க மறுக்கும் உரிமையை உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகளுக்கு வழங்கிற்று.

இவ்விடத்தில் வரலாற்று மாணாக்கர் ஊன்றிக் கவனித்தற்குரிய ஒன்றுண்டு. பரிசோதகர்கள் கூறியவை இரண்டு: இக்கூடங்கள் தகா, தக்க நிலையங்கள் வேண்டும். முதலாவதை நிறைவேற்றுவதாற் செலவு குறையும். இரண்டாவதை நிறைவேற்றுவதாற் செலவு கூடும். அரசாங்கம் முதலாவதை உடனே மேற்கொண்டது; இரண்டாவதைப் பின்னொருகாலத்திற்கு விட்டுவிட்டது. 1900 இல் நூற்றுக்கு 43 ஆக இருந்த தொகை 1930 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13 ஆக வீழ்ந்தது. தரமில்லை என்று கூறி எழுதப்பட்ட அறிக்கை, தரத்தை உயர்த்துதற்குப் பயன்படாமற் கதவை அடைத்தற்கே பயன்பட்டது.

டெட்போட் நகர்த் தோட்டம்

தக்க நிலையம் எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டும் பணி மக்மில்லன் சகோதரிகளுக்கு உரியதாயிற்று. மார்கிரட் மக்மில்லன் பிறட்போட் நகரிற் பாடசாலைச் சபை உறுப்பினராயிருந்தபோது, பசித்த வயிற்றுடனும் நோய்ப்பட்ட உடலுடனும் வரும் பிள்ளைக்குப் பாடஞ் சொல்வது வீண் என்பதைக் கண்டவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழிசெய்த 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியிலும், வைத்திய பரிசோதனையைப் புகுத்திய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியிலும் அவருடைய உழைப்பு உண்டு. தமக்கையார் றேச்சலுடன் 1910 இல் அவர் இலண்டனின் தென்கிழக்கேயுள்ள டெட்போட் பகுதியில் ஒரு வைத்திய நிலையத்தைத் திறந்தார். நோய்கள் சிகிச்சையால் நீங்கின. பிள்ளைகள் தம் வீடுகளுக்குத் திரும்பியதும் அவை மீண்டன. நோய் வந்தபின் மருந்திடுவதிலும் வாராமற் காப்பதே முறையென்று துணிந்து, 1914 இல் அவர்கள் அங்கே திறந்தவெளிப் பாலர் பாடசாலையை நிறுவினர்.

அப்பாடசாலையின் நடுவிடம் தோட்டம். பூஞ்செடிகளும் மரக்கறிப் பாத்திகளும் மணற்குவியலும் அங்கே இருந்தன. ஒரு பக்கம் திறந்த கொட்டில்களிற் பிள்ளைகள் விளையாடினர், உண்டனர், நண்பகலில் உறங்கினர். குளிப்பாட்டலும் வேளாவேளைக்கு உணவும் பாடத்திட்டத்தின் பகுதிகளாயிருந்தன. அங்கே பணிபுரிவோர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களாயிருந்தாற் போதாது, பயிற்சிபெற்ற ஆசிரியராயிருத்தல் வேண்டும் என்பது மார்கிரட் அம்மையாரின் விடாப்பிடியான கொள்கை. சிறு பிள்ளைக்குச் சிறு கல்வியுடையார் போதும் என்ற அக்கால எண்ணத்தை அவர் முற்றாக மறுத்தார். 1917 இல் றேச்சல் காலமானபின் பாடசாலை அவருடைய பெயரைத் தாங்கியது. அதே பெயருடைய பயிற்சிக் கல்லூரியை 1930 இல் மேரி இராணியார் திறந்துவைத்தார்.

டெட்போட்டுக்கு அரசாங்கப் பணம் கிடைத்த விதம் நினைவுகூரத்தக்கது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் பெருந்தொகையாகச் சென்றனர். அத்தாய்மாரின் பிள்ளைகளுக்கென, நாளொன்றுக்கு இவ்வளவு எனப் போர்த்தளபாட அமைச்சு நன்கொடை வழங்கிற்று. கல்விச் சபை கொடாத பணத்தை வெடிமருந்து கொடுத்தது. 1918 ஆம் ஆண்டில் நிறைவேறிய ஃபிஷர் கல்விச் சட்டம் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை அமைக்கவும், அமைத்தோர்க்கு உதவவும் உள்ளூர் அதிகாரசபைகளுக்கு இடமளித்தது. இடமளித்ததேயன்றிப் பணிக்கவில்லை. 'அமைக்கலாம்' என்பது சட்டத்தின் வாசகம். 'அமைத்தல் வேண்டும்' என்பதன்று. போருக்குப்பின் பொருள்முடை நேர்ந்தது. கெடிஸ் குழுவினர் 1922 இல் அரசாங்கச் செலவுகளை வெட்டியபோது, 'அமைக்கலாம்' என்ற நிலையிலிருந்தவையே முதலில் வெட்டுண்டன. சட்டம் பிறந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின்னும் நாடு முழுவதிலும் பாலர் பாடசாலைகள் நூறுக்குச் சற்று மேற்பட்டனவாகவே இருந்தன.

போர் திறந்த கதவு

இரண்டாம் உலகப் போர் இந்நிலையைச் சில ஆண்டுகளுக்குள் மாற்றியது. 1941 இல் தொழில் அமைச்சர் ஏணஸ்ட் பெவின் பெண்களைத் தேசிய சேவைக்குப் பதிவுசெய்யத் தொடங்கினார். சிறு பிள்ளையுடைய தாய் தொழிற்சாலைக்கு வரவேண்டுமாயின் பிள்ளையை எவரேனும் பார்த்தல் வேண்டும். நூறாண்டு வாதங்களால் நகராத திறைசேரி இத்தேவையால் நகர்ந்தது. போர்க்காலப் பாலர் நிலையங்களின் முழுச் செலவையும் மத்திய அரசாங்கமே ஏற்றது. தாய் கொடுக்கவேண்டியது நாளொன்றுக்கு ஒரு சிலிங் மாத்திரமே. அதற்குள் பிள்ளையின் உணவும் அடங்கும். 1944 ஆம் ஆண்டளவில் முழுநாள் நிலையங்கள் மட்டும் 1,450 வரையில் இருந்தன. ஏறத்தாழ 72,000 பிள்ளைகளுக்கு அவற்றில் இடமிருந்தது. சில நிலையங்கள் தொழிற்சாலை முறைநேரத்துக்கேற்பப் பன்னிரண்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் திறந்திருந்தன.

அவற்றின் தரம் ஒருபடித்தாயிருக்கவில்லை. முழுநாள் நிலையங்கள் சுகாதார அமைச்சின் மேற்பார்வையில் இருந்தமையால் தாதிமாரே அவற்றைப் பெரும்பாலும் நடத்தினர். சுத்தமும் உணவும் உடல்நலமும் நன்கு பேணப்பட்டன. விளையாட்டுக்கும் பேச்சுக்கும் கற்றலுக்கும் பயிற்சிபெற்றோர் எங்கும் கிடைக்கவில்லை. ஆயினும், முன் ஒருபோதும் இத்துணை வறிய பிள்ளைகளுக்கு இத்துணை ஒழுங்கான பராமரிப்பு அரசாங்கச் செலவிற் கிடைத்ததில்லை. பாலர் தாதிகளுக்கான தேசிய பரீட்சைச் சபையும் இப்போர்க்கால அனுபவத்தின் பயனாக 1945 இல் தோன்றிற்று.

போர் முடிந்தது, போர்வீரர் வேலைதேடித் திரும்பினர். 1945 ஆம் ஆண்டு இறுதியில் வெளியான சுற்றுநிருபமொன்று, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய் வீட்டிலிருத்தலே தகுமென்ற கொள்கையை அறிவித்தது. 1946 இல் முழு நன்கொடை நிறுத்தப்பட்டுச் செலவின் பெரும்பகுதி உள்ளூர் அதிகாரசபைகள்மேற் சுமத்தப்பட்டது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1965 ஆம் ஆண்டளவில் அதிகாரசபைகள் நடத்திய பகற் பராமரிப்பு நிலையங்கள் 500க்கும் குறைந்துவிட்டன. 1944 இல் ஒரு நிலையத்தில் உண்டு உறங்கி விளையாடிய பிள்ளைக்கும், 1947 இல் அதே தெருவிற் பிறந்து அதே வயதை எய்திய பிள்ளைக்கும் தேவைகள் ஒன்றே. மாறியது தாயின் உழைப்பிற்கு அரசாங்கம் இட்ட மதிப்பு.

இம்மூடுதலுக்கு அறிவியலும் துணையாக அழைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி 1951 இல் வெளியிட்ட ஆய்வு, தாயன்பை இழந்த குழந்தையின் மனநலக் கேட்டை விளக்கிற்று. அவர் பெரிதும் ஆராய்ந்தது வீடற்று விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் நெடுநாள் பிரிந்திருந்த குழந்தைகளை. மாலையில் தாயிடம் திரும்பும் பிள்ளையின் நிலை அதுவன்று. இவ்வேறுபாடு பொதுமக்கள் பேச்சில் மங்கிவிட, பகற் பராமரிப்பு நிலையங்களை விரும்பாதார்க்கு அவ்வாய்வு ஒரு படைக்கலமாயிற்று.

கடமையும் அனுமதியும்

1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பாலர் பாடசாலைகள் அமைக்கவேண்டிய தேவையை உள்ளூர் அதிகாரசபைகள் கருத்திற்கொள்ளல் வேண்டும் என விதித்தது. ஃபிஷர் சட்டத்தின் 'அமைக்கலாம்' என்பதிலும் இது ஒருபடி உயர்ந்த வாசகம். எனினும் 1960 இல் கல்வி அமைச்சு அனுப்பிய எட்டாம் இலக்கச் சுற்றுநிருபம் பாலர் கல்வியை விரிவாக்கலாகாது எனத் தடுத்தது. கட்டாயக் கல்வி வயதினருக்கே ஆசிரியர் போதாமை காரணமாகக் கூறப்பட்டது. 1964 இல் அத்தடைக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. மணமான ஆசிரியைகள் தம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கற்பித்தற்றொழிலுக்குத் திரும்ப உதவுமாயின் புதிய இடங்களை அமைக்கலாம் என்பதே அவ்விலக்கு. பிள்ளையின் பொருட்டுத் திறவாத கதவு, ஆசிரியர் பற்றாக்குறையின் பொருட்டுச் சிறிது திறந்தது.

அரசாங்கம் ஒதுங்கிய வெளியிற் பெற்றோர் நுழைந்தனர். இலண்டனில் வாழ்ந்த பெல் ருற்றேவ் என்னும் தாயார் 1961 இல் ஒரு செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தின் பயனாகப் பாலர் விளையாட்டுக் குழுக்களின் சங்கம் 1962 இல் உருவாயிற்று. தேவாலய மண்டபங்களிலும் ஊர்ப் பொதுமண்டபங்களிலும் தாய்மாரே முறைவைத்து நடத்திய இக்குழுக்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. கற்ற தாய்மாரும் ஓய்வுள்ள தாய்மாரும் வாழும் இடங்களில் அவை செழித்தன. நாள்முழுதும் உழைக்கும் தாய்மார் வாழும் இடங்களில் அவை அரிதாயின. தேவை மிகுந்த இடத்தில் உதவி குறைந்திருத்தல், தன்னார்வத்தை மட்டும் நம்பும் ஏற்பாட்டின் இயல்பு.

1967 இல் வெளியான பிளவுடன் அறிக்கை பாலர் கல்வியை நாடளாவ விரிக்கவும், வறிய பகுதிகளுக்கு முதலிடம் அளிக்கவும் பரிந்துரைத்தது. 1972 டிசெம்பரிற் கல்வி அமைச்சர் மார்கிரட் தச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதனை ஏற்று, பத்தாண்டுகளுக்குள் நான்கு வயதினருள் நூற்றுக்கு 90 பேருக்கும் மூன்று வயதினருள் நூற்றுக்கு 50 பேருக்கும் இடமளிப்பதாக உறுதிகூறியது. ஓராண்டு கழியுமுன் எண்ணெய் விலை ஏறிற்று; செலவுகள் வெட்டப்பட்டன; உறுதிமொழி ஏட்டளவில் நின்றது. 1980 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 1944 ஆம் ஆண்டின் வாசகத்தையும் தளர்த்தி, பாலர் பாடசாலை அமைக்க அதிகாரசபைகளுக்கு அனுமதியுண்டு, கடமையில்லை எனத் தெளிவாக்கியது. அறுபது ஆண்டுகளுக்குப்பின் சட்டம் மீண்டும் 'அமைக்கலாம்' என்னும் சொல்லிலேயே வந்து நின்றது.

பற்றுச்சீட்டும் வேலியும்

1996 இல் நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 1,100 பவுண் பெறுமதியான பற்றுச்சீட்டு வழங்கும் திட்டம் சில பகுதிகளிற் புகுத்தப்பட்டு, 1997 இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பெற்றோர் தாம் விரும்பிய நிலையத்தில் அதனைக் கொடுக்கலாம். போட்டியினால் தரம் உயரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. சீட்டுப் பணத்தை இழக்க விரும்பாத ஆரம்ப பாடசாலைகள் நான்கு வயதினரைத் தம் முதல் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டன. விளையாட்டுக் குழுக்கள் பிள்ளைகளை இழந்தன. முப்பது பேர் அமர்ந்த வகுப்புகளுக்கு நான்கு வயதுப் பிள்ளைகள் சென்றனர். 1862 ஆம் ஆண்டுத் தலைக்கணக்கு நன்கொடை விளைத்ததையே 134 ஆண்டுகள் கழித்து இச்சீட்டும் விளைத்தது. 1997 இற் பதவியேற்ற தொழிற்கட்சி அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

அவ்வரசாங்கம் 1998 இல் தேசிய பாலர் பராமரிப்புத் திட்டத்தை வெளியிட்டது. நான்கு வயதினர்க்கு 1998 இலும் மூன்று வயதினர்க்கு 2004 இலும் இலவசப் பகுதிநேர இடம் உரித்தாக்கப்பட்டது. உறுதியான தொடக்கம் எனப் பொருள்படும் 'ஷுவர் ஸ்ராட்' திட்டத்தின் முதல் நிலையங்கள் 1999 முதல் வறிய பகுதிகளில் எழுந்தன. பிள்ளை பராமரிப்பு, தாய்மார்க்கு ஆலோசனை, சுகாதார சேவை, பெற்றோர்க்குத் தொழில்வழிகாட்டல் யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 2010 ஆம் ஆண்டளவில் அத்தகைய சிறுவர் நிலையங்கள் 3,500 வரையிற் பெருகின. 2006 ஆம் ஆண்டுப் பாலர் பராமரிப்புச் சட்டம் இலவச இடங்களை அமைத்தலை உள்ளூர் அதிகாரசபைகளின் கடமையாக்கியது. 'வேண்டும்' என்னும் சொல் சட்டத்தில் உறுதியாக இடம்பெற்றது.

'ஷுவர் ஸ்ராட்' பணத்துக்குத் தொடக்கத்தில் ஒரு வேலி இருந்தது. வேறு தேவைக்கு அதனை எடுத்தல் இயலாது. 2011 இல் அவ்வேலி நீக்கப்பட்டு, அப்பணம் பொது நன்கொடை ஒன்றுடன் கலக்கப்பட்டது. அதிகாரசபைகளின் மொத்த வருவாயும் அதே காலத்திற் குறைக்கப்பட்டமையால், வேலியில்லாப் பயிரை மேய்வதற்குப் பல வாய்கள் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டச் செலவு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. பல நிலையங்கள் மூடப்பட்டன.

நிலையங்கள் மூடப்பட்டபின்னரே அவற்றின் பயன் அளந்தறியப்பட்டது. நிதி ஆய்வு நிறுவகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு, முதற்கால நிலையங்களுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் பதினாறு வயதிற் பொதுப் பரீட்சையில் மேம்பட்ட பெறுபேறு பெற்றமையைக் காட்டிற்று. இலவச உணவு பெறும் வறிய வீட்டுப் பிள்ளைகள் எய்திய முன்னேற்றம் மூன்று தரநிலைகள் வரை சென்றது. இரண்டு வயதில் விதைத்தது பதினாறு வயதில் விளைகின்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ஆயுளோ ஐந்தாண்டு. விதைத்த அரசாங்கம் அறுவடையைக் காண்பதில்லை. களையென்று பிடுங்கிய அரசாங்கம் தான் பிடுங்கியது பயிரென்பதை உரிய காலத்தில் அறிவதில்லை. பாலர் பராமரிப்புக்கான பணம் ஏனைய செலவுகளிலும் எளிதில் வெட்டுண்பதற்கு இதனை ஒரு முதற்காரணமாகக் கொள்ளலாம்.

தரம் என்பது யாது?

இவ்வரலாற்றில் 'தரம்' என்னும் சொல் பலராலும் பலவாறு ஆளப்பட்டது. 1997 இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு அச்சொல்லுக்குத் தெளிவான பொருளைத் தந்தது. நல்ல நிலையத்திற் பயின்ற பிள்ளை மொழியிலும் எண்ணறிவிலும் பழகுமியல்பிலும் முன்னிற்கின்றது. பயிற்சிபெற்ற ஆசிரியர் தலைமைதாங்கும் பாலர் பாடசாலைகளும், கல்வியையும் பராமரிப்பையும் ஒன்றிணைத்த நிலையங்களும் தரத்தில் உயர்ந்து நின்றன. வறிய பிள்ளைகள் பெறும் நலம் குறிப்பிடத்தக்கது. முழுநாள் இருந்த பிள்ளை அரைநாள் இருந்த பிள்ளையைவிடக் கல்வியில் அதிகம் பெறவில்லை என்பதும் அதன் முடிபுகளுள் ஒன்று. எத்தனை மணித்தியாலம் என்பதினும், அம்மணித்தியாலத்தில் யார் பிள்ளையோடு இருந்தார் என்பதே பெரிது. மார்கிரட் மக்மில்லன் தோட்டத்திற் கண்டதை ஆய்வாளர் புள்ளிவிவரத்திற் கண்டனர்.

பாலர் நிலையத்தின் செலவிற் பெரும்பகுதி பணிபுரிவோரின் சம்பளம். ஆகவே செலவைக் குறைக்க விரும்புவார்க்கு வழி இரண்டே: குறைந்த பயிற்சியுடையாரை அமர்த்தல், அல்லது ஒருவரிடம் கூடிய பிள்ளைகளை ஒப்படைத்தல். 2013 இல் பிள்ளைகளின் விகிதத்தைத் தளர்த்த எடுக்கப்பட்ட முயற்சி, கூட்டரசாங்கத்தின் உள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 2023 செப்டெம்பரில், இரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வருக்கு ஒருவர் என்றிருந்த விதி ஐவருக்கு ஒருவர் என மாற்றப்பட்டது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டதே இலவச மணித்தியாலங்களின் பெரும் விரிவாக்கம். பணமும் மிகுந்தது, விதியும் தளர்ந்தது.

2017 இல் மூன்று, நான்கு வயதினர்க்கு வாரம் 30 இலவச மணித்தியாலங்கள் அளிக்கப்பட்டபோது, பெற்றோர் தொழில்புரிதல் வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. 2024 ஏப்ரல் முதற் படிப்படியாக விரிந்து, 2025 செப்டெம்பரில் ஒன்பது மாதக் குழந்தை வரை 30 மணித்தியாலமாகிய உதவிக்கும் அதே நிபந்தனை. பெற்றோர் தொழிலற்றிருக்கும் வீட்டின் மூன்று வயதுப் பிள்ளைக்கு 15 மணித்தியாலமே உரித்து. நல்ல நிலையத்தால் தன் குறையை நிரப்பிக்கொள்ளவேண்டிய பிள்ளை, வருவாயுள்ள வீட்டுப் பிள்ளை பெறுவதிற் பாதியைப் பெறுகின்றது. மிக வறிய வீட்டு இரண்டு வயதினர்க்கு 2013 முதல் அளிக்கப்பட்டுவரும் 15 மணித்தியாலங்கள் இதற்கு விலக்காயுள்ளன. பிள்ளையின் தேவையையே அளவுகோலாகக் கொண்டு எழுந்த மிகச் சில ஏற்பாடுகளுள் அதுவுமொன்று.

முடிவுரை

தாய் தொழில்புரிய உதவுதல் இழிந்த நோக்கமன்று. பல குடும்பங்களின் வறுமையை நீக்கியதும் அதுவே. பெண்கள் தம் கல்விக்கேற்ற வாழ்வைப் பெற வழிசெய்ததும் அதுவே. அந்நோக்கம் இல்லாதிருந்தால் 1917 இலும் 1941 இலும் ஒரு பென்சும் வெளிவந்திராது. ஆயின் அந்நோக்கத்துக்கு வேண்டியது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் மாத்திரம். நல்ல ஆசிரியரும், சிறிய குழுவும், தோட்டமும் பிள்ளையின் பொருட்டே வேண்டியவை. முதலாவதற்கு மட்டும் கொடுக்கப்படும் பணம், இரண்டாவதை மிகையான செலவெனக் கருதுவது இயல்பு.

இரு நூற்றாண்டு அனுபவம் நிலைத்த பயன் தந்த ஏற்பாடுகளுக்கு மூன்று இலக்கணங்களைக் காட்டுகின்றது: சட்டம் 'வேண்டும்' என்று பேசுதல், பணத்துக்கு வேலியிருத்தல், பணிபுரிவோரின் பயிற்சியும் பிள்ளைகளின் விகிதமும் பணத்துக்கு நிபந்தனையாதல். இவற்றுள் ஒன்று நெகிழ்ந்த போதெல்லாம் ஏனையவும் நெகிழ்ந்தன. 1972 இன் உறுதிமொழியை நம்பி இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று காத்திருந்திருப்பின், 2004 இல் மூன்று வயதினர்க்கு இலவச இடம் உரித்தாகியபோது அதற்கு வயது முப்பத்துநான்கு. வீதியும் பாலமும் பத்தாண்டு பிந்திக் கட்டப்படினும் பயன்படும். மூன்று வயது பிந்துவதில்லை.